புகையறையில் வைத்த பன்னிரண்டு சொற்கள்

தமிழரசிக்கும் வேலுவுக்கும் அப்பா எழுதுவது. இந்த மாதம் உங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

"நாங்க சொன்னா பாடம் எடுக்கிற மாதிரி இருக்குப்பா. நீங்க எழுதிக் குடுங்க, படிப்பாங்க" என்று தமிழரசி சொல்லி மூன்று வாரம் ஆகிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கூட்டுறவு சங்கத்துக்கு மனு எழுதியதைத் தவிர இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

புதுப் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியாது. பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறவன் நான். கொடைக்கானல் ஏழு ரோட்டில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் உங்கள் ஆபீசில் ஐந்து வருடம் எனக்கும் வேலை இருந்தது. பதவிக்குப் பெயர் கிடையாது. 'சாவிக்காரர்' என்பார்கள். கம்பெனிப் பணத்தின் சாவி என் பொறுப்பில் இருந்தது. போன மாதம்தான் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றேன். கம்ப்யூட்டரை இன்றுவரை நான் தொட்டதில்லை. அப்படிப்பட்டவன் அந்த ஆபீசில் ஐந்து வருடம் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். அதை எதற்கு மறைக்க வேண்டும்?

கம்பெனி என்ன செய்கிறது என்று உங்களுக்கே தெரியும். சின்னக் கடைக்காரர்கள் தங்கள் போனிலேயே பில் போடவும், சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் ஓர் ஏற்பாடு. கடைகள் இங்கே இல்லை, கென்யாவில் இருக்கின்றன. அங்கே அச்சியெங் என்ற பெண், தமிழரசி வயதுதான், தன் ஊர்க் கடைகளுக்காக ஒரு கம்பெனி தொடங்கினாள். அவள் கடைகளைப் பிடிப்பாள், இவர்கள் இங்கே இருந்து எழுதிக் கொடுப்பார்கள். முதலில் வங்கி வழியாகத்தான் கூலி அனுப்பினாள். அது ஊர் ஊராகச் சுற்றி, போகிற வழியிலெல்லாம் தேய்ந்து, வாரக்கணக்கில் கழித்து வந்து சேரும். இரண்டு தடவை வராமலே திரும்பிப் போனது. அதன் பிறகுதான் டாலர் காயினில் அனுப்பத் தொடங்கினாள். விலை ஏறி இறங்கும் காயின் இல்லை, ஒரு டாலருக்கு ஒன்று என்று நிற்கும் கிரிப்டோ. அவள் அனுப்பி, இங்கே தமிழரசி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிடும். தமிழரசி அதை ஆடிட்டரிடம் காட்டி, வரி கட்டி, ரூபாயாக மாற்றிச் சம்பளம் போடுவாள்.

இதை அவள் முதன்முதலாக வீட்டில் சொன்னபோது நான் நாலு நாள் அவளோடு பேசவில்லை. எங்கள் மலையில் காயின் என்றாலே கெட்ட பெயர். அதற்கு முந்தின வருடம்தான் ஒருவன் வெள்ளைக் காரில் வந்து, கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, 'காயின் வாங்குங்க, ரெண்டு மடங்காகும்' என்று சொல்லி ஊரில் பல வீட்டுப் பூண்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். நம் வீட்டுப் பெண்ணும் அதே பேரைச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

ஐந்தாம் நாள் தமிழரசி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அவன் உங்க பணத்த வாங்கிட்டுக் காயினக் குடுத்தேன்னான். நாங்க வேலையக் குடுத்துட்டுக் காயின வாங்குறோம். ரெண்டும் ஒண்ணாப்பா?"

சாப்பாடு போடச் சொன்னேன். அதுதான் சமாதானம்.

சாவி என்னிடம் வந்த கதைக்கு வருகிறேன். அந்தப் பணம் தமிழரசியின் போனுக்குள் ஒரு பூட்டில் இருக்கும். போன் தொலைந்தால், பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்களை அதே வரிசையில் வேறு போனில் போட்டுத் திறந்துகொள்ளலாம். போனும் போய்ச் சொற்களும் போனால் முடிந்தது. மேனேஜர் கிடையாது. மறந்துவிட்டது என்று மனுக் கொடுக்க ஜன்னல் கிடையாது. அதே மாதிரி, அந்தப் பன்னிரண்டு சொல்லையும் எவன் கேட்டுக்கொண்டாலும் பணம் அவனுடையது. ஆகவே, ஒரே ஒரு தாளில் அடித்துப் பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும். எங்கே வைப்பது?

"பேங்க் லாக்கர்ல வைப்போம்" என்றான் வேலு.

"தெருவுல பாதி வீட்டு வெதைப்பூண்டு அப்பா கையிலதான் கெடக்கு. இத்தன வருசத்துல ஒரு கட்டு ஆள் மாறிப் போயிருக்கா? அப்பாட்டயே இருக்கட்டும்லே" என்றாள் தமிழரசி.

மலைப் பூண்டு விளையாத ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுத்த நடவுக்கு வைக்கும் பூண்டைத் தண்டோடு சேர்த்துக் கட்டி, கூரைக்குக் கீழே மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, அடியில் தீ மூட்டிப் புகை போடுவோம். அந்தப் புகையில் பூச்சி அண்டாது, மழைக்கும் அழுகாது. எங்கள் வீட்டுப் புகையறை பெரியது. அதனால் அக்கம்பக்கத்து வீடுகளும் தங்கள் கட்டுகளை இங்கேதான் தொங்கவிடுவார்கள். பெயர் எழுதி ஒட்ட முடியாது, புகையில் தாள் கறுத்துவிடும். எந்தக் கழியில் எத்தனையாவது கட்டு யார் வீட்டுடையது என்பது என் மண்டையில்தான் இருக்கும். தீயை விசிறிக்கொண்டே கழி கழியாக நடந்து வீட்டுப் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போவேன். ஒரு நாள் தவறாது.

தமிழரசி ஒரு சின்னத் தாளைக் கொண்டுவந்தாள். கடையில் பில் அடிக்கும் மிஷின் ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆபீசில் வைத்திருந்தார்கள். அதில் அடித்த தாள்.

"கையால எழுதலாமே தாயி" என்றேன்.

"என் எழுத்த எனக்கே படிக்க வராதுப்பா. ஒரு எழுத்து மாறினாலும் சோலி முடிஞ்சிரும்."

நியாயம்தான். சொற்களைப் படித்துக் காட்டச் சொன்னேன். நாலு தடவை படித்தாள். ஐந்தாவது தடவை கேட்டபோது, "பரீட்சையா எழுதப் போறீங்க?" என்று சிரித்தாள்.

தாளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, புகை நுழையாமல் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, புகையறையில் தீக்கு நேர் மேலே விட்டத்தில் கட்டினேன். பூம்பாறையில் மழை மாதம் என்றால் பீரோவுக்குள் இருக்கும் பத்திரம்கூடப் பூசணம் பூத்துவிடும். எலி, பூச்சி, ஈரம் மூன்றும் அண்டாத இடம் என் வீட்டில் அது ஒன்றுதான். அவள் செய்ததும் யோசித்துச் செய்தது. நான் செய்ததும் யோசித்துச் செய்தது. இரண்டு யோசனைக்காரர்கள் சேர்ந்து செய்த முட்டாள்தனத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மறு வருடம் மழை முடிகிற சமயம். மாதக் கடைசி, சம்பள நாள். தமிழரசியும் வேலுவும் முந்தின நாளே வீட்டுக்கு வந்திருந்தார்கள். வெள்ளனே எழுந்து, பக்கத்து வீட்டுக் கேரட் லோடு போகிறதென்று மூவரும் கை கொடுக்கப் போனோம். ரோட்டோரம் கேரட் கழுவும் பெரிய டிரம் சுற்றும், தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். அவள் குனிந்து கூடையைக் கவிழ்த்தபோது ஸ்வெட்டர் பையில் இருந்த போனும் கேரட்டோடு உள்ளே போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை.

டிரம்காரர் கத்தினார். "ஏலே, நிறுத்து நிறுத்து! உள்ள லொடலொடன்னு என்னமோ கேக்குது!"

"கல்லா இருக்கும்ண்ணே" என்றான் வேலு.

"கல்லுல பாட்டு வருமாலே?"

ஆறு மணி அலாரம் உள்ளே பாடிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்துவதற்குள் பாட்டும் நின்றுவிட்டது. போனை எடுத்துப் பார்த்தால், கேரட் எவ்வளவு சுத்தமாக வந்ததோ அவ்வளவு சுத்தமாக அதுவும் வந்திருந்தது. கண்ணாடி மட்டும் பொடிப்பொடி.

எல்லோரும் சிரித்தார்கள். தமிழரசியும் சிரித்தாள். "அப்பாட்ட தாள் இருக்கு" என்றாள். ஆபீசில் வேறு போனைத் தயார் செய்துவைக்கிறேன் என்று வேலுவின் பைக்கில் ஏறினாள். "அடுத்த பஸ்ஸுல தாளோட வந்திருங்கப்பா" என்றாள். "நீ போ தாயி, நான் கொண்டு வர்றேன்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து ஏணி போட்டு டப்பாவை இறக்கினேன். டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தேன். புகை வாசனைகூட உள்ளே இல்லை. தாளை எடுத்தேன். எழுத்து இருந்த பக்கம் முழுவதும் கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை.

அந்தப் பில் தாளுக்கு மையே கிடையாதாம். சூடு பட்டால் கறுக்கும் தாள். மிஷின் சூடு வைத்துத்தான் எழுத்தை விழவைக்கிறது. இது பிறகு தெரிந்தது. நான் புகையைத் தடுத்தேன், சூட்டைத் தடுக்கவில்லை. மாதக்கணக்கில் தீக்கு நேர் மேலே தொங்கிய டப்பாவுக்குள் தாள் முழுவதுமே எழுத்து விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

புதுப் பிள்ளைகளே, அந்த நிமிஷத்தில் என் மனது என்னவெல்லாம் செய்தது என்று உள்ளபடி சொல்கிறேன். எலி தின்றுவிட்டது என்று சொல்லலாமா என்று முதலில் தோன்றியது. மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது என்று சொல்லலாமா என்று அடுத்து. தாளை அடுப்பில் போட்டுவிட்டு, டப்பாவைக் காணோம் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஊரார் பூண்டில் ஒரு பல் மாற்றாதவன் நான். அந்தப் பெயரைக் காப்பாற்றப் பொய் சொல்லத் தயாராக நின்றேன். யோசித்துப் பார்த்தால், இவ்வளவு காலமும் தப்பே நடக்காததால்தான் தப்பை எப்படிச் சொல்வது என்று எனக்குப் பழக்கம் இல்லாமல் போயிருக்கிறது.

உங்கள் அம்மா உள்ளே வந்தாள்.

"பஸ் நேரமாச்சு, இங்கேயே நிக்கிறீங்க? கையில என்னது அது, கரித்துணியா?"

"பிள்ளைக பொழப்பு" என்றேன்.

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதிர்ந்துபோனாள் என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் அதைக் கையில் திருப்பிக் கொடுத்து, "வெரசா போனப் போடுங்க. இங்கன நின்னா வெளுக்கவா போகுது?" என்றாள்.

உங்கள் அம்மா எந்த ஆபீசிலும் வேலை பார்த்தவள் இல்லை. ஆனால் அவசர நேரத்தில் அதைவிட நல்ல உத்தரவை யாரும் எனக்குப் போட்டதில்லை.

போன் போட்டேன். வேலு எடுத்தான். தாள் போய்விட்டது என்று சொன்னேன். அந்தப் பூட்டுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அரை வருடம் வேலையே கிடைக்காமல் கிடந்து, அதன் பிறகு நாலு மாதம் ஆறு பேர் சேர்ந்து உழைத்த கூலி மொத்தமும் அதற்குள் இருந்தது. அது போனால் ஆபீசைப் பூட்டிவிட்டு ஆறு பேரும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ இறங்க வேண்டியதுதான். அதற்குப் பிறகு எங்கள் மலையில் எந்தப் பிள்ளை இப்படி ஒன்றைத் தொடங்குகிறேன் என்றாலும், 'வெள்ளைக் கார்க்காரன் கதை தெரியும், பூண்டுக்காரர் மக கதையும் தெரியும்' என்பார்கள்.

அப்புறம்தான் எனக்கே ஞாபகம் வந்தது.

"வேலு, தாள்தான் போச்சு. சொல்லு இருக்கு."

"எங்க இருக்கு?"

"என்கிட்ட."

விசிறிக்கொண்டே நடக்கும்போது வாய் சும்மா இருக்காது என்று சொன்னேன் அல்லவா? தாளைக் கட்டிய வாரத்திலிருந்தே, முதல் இரண்டு கழியில் தொங்கும் பன்னிரண்டு வீட்டுக் கட்டுகளோடு அந்தப் பன்னிரண்டு சொற்களையும் சேர்த்துவிட்டேன். இன்ன வீடு, இன்ன சொல். அர்த்தம் தெரியாது. எழுத்துக் கூட்ட வராது. ஓசை மட்டும் தெரியும். வேண்டும் என்று செய்தது இல்லை. ஒரு பொருள் என் பொறுப்பில் வந்தால் அதைக் கழியில் மாட்டி வைப்பதுதான் என் பழக்கம்.

"சொல்லுங்கப்பா, எழுதிக்கிறேன்!" என்றான் வேலு.

"போன்ல சொல்ல மாட்டேன்."

"அவசரம்ப்பா!"

"அவசரத்துலதான்லே சொல்லக் கூடாது. உன் பக்கத்துல எத்தன பேர் நிக்கிறாங்க, இந்த லைன்ல யாரு கேக்குறாங்க, எனக்குத் தெரியுமா? வந்து சொல்றேன்."

"வர்ற வழியில மறந்துட்டீங்கன்னா?"

"வந்து சொல்றேன்" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். தமிழில் எழுதி மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரே தாள்தான் இருக்க வேண்டும், இரண்டாவது கூடாது என்று தமிழரசி சொல்லியிருந்தாள். என் தலையில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் மாரியம்மாள் மதினி வந்து உட்கார்ந்தார். நல்லவர். ஆனால் பேச்சு நிற்காது. நான் கண்ணை மூடி, முதல் கழி, முதல் கட்டு என்று வாய்க்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன கொழுந்தனாரே, கொடைக்கா?"

தலையை ஆட்டினேன்.

"மக போனு கேரட்டோட கழுவிப் போச்சாம்ல? ஊரே சிரிக்குது."

அதற்கும் தலையை ஆட்டினேன்.

"எம் மகனுக்குப் பொண்ணு பாத்திருக்கோம், ஆடலூர்ல. காப்பித் தோட்டம் இருக்கு. பொண்ணு கொஞ்சம் உயரம். உயரமா இருந்தா என்ன, மொளகு பறிக்க ஏணி வேண்டாம்னு நான் சொன்னேன். நீங்க என்ன சொல்றீக?"

என் நாக்கு அப்போது ஐந்தாவது பூண்டுக் கட்டில் இருந்தது. கையை மட்டும் உயர்த்தி நல்லது என்பதுபோல் காட்டினேன்.

பாதி வழியில் யூகலிப்டஸ் மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். மூடுபனியில் முன்னால் நிற்கும் ஆள் தெரியவில்லை. மதினி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். வாங்கினேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

"ஏன் கொழுந்தனாரே, பேசுனா பல்லு கொட்டிருமா? மக கம்பெனி வச்சதும் எங்ககூடப் பேசக் கூடாதுன்னு ஆபீஸ்ல சட்டமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. திரும்பி நின்று, மரத்தை அறுக்கும் சத்தத்தோடு சத்தமாக மறுபடியும் முதல் கழியிலிருந்து தொடங்கினேன். மதினியிடம் பிறகு வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். 'வயித்து வலின்னு நெனச்சேன்' என்றார்.

ஏழு ரோட்டில் இறங்கி மாடிப் படியேறினால், படிக்கட்டில் வரிசையாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழரசி அவர்களிடம் எதையும் மறைக்கவில்லை. உள்ளதைச் சொல்லி, ரகசியச் சொற்கள் என்பதால் வெளியே இருக்கச் சொல்லியிருந்தாள். அடுக்கம் கிராமத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண் எழுந்து வழிவிட்டு, "பாத்து ஏறுங்கய்யா, படி வழுக்கும்" என்றாள். அவள் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒரு சொல் தள்ளாடிவிட்டது. பிடித்துக்கொண்டேன்.

உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்ட ஒரு கம்ப்யூட்டர். அந்தச் சொற்கள் எல்லாம் இரண்டாயிரம் சொல் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுப்பவையாம். நான் ஓசையைச் சொல்லச் சொல்லத் தமிழரசி பட்டியலில் தேடி எழுதினாள். சிலவற்றுக்கு என் வாயையே பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா... நாக்க மடிச்சா, மடிக்காமலா?" ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு கழி முடிந்தது. இரண்டாவது கழி. பத்து. பதினொன்று.

நின்றுவிட்டேன்.

பன்னிரண்டாவது இடத்தில் தொங்கியது செல்லையா வீட்டுக் கட்டு. அந்த வீட்டார் நடவுக்கென்று கட்டை முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இடம் காலி. காலியான நாளிலிருந்து நான் பதினொன்றோடு திரும்பியிருக்கிறேன். அந்த ஓசை இல்லை. சுத்தமாக இல்லை. பஸ்ஸில் அத்தனை தடவை ஓட்டியபோதும் பதினொன்றைத்தான் பன்னிரண்டு என்று நினைத்து ஓட்டியிருக்கிறேன்.

இரண்டு பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு ஓசையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. 'இதுவாத்தான் இருக்கும்' என்று சொன்னால் அந்த நிமிஷம் கடந்துவிடும். ஆனால் காலையில் ஒரு தடவை பொய்க்குப் பக்கத்தில் போய்வந்தாயிற்று.

"பதினொண்ணுதான் தாயி. பன்னெண்டாவது எனக்குத் தெரியல. யூகமாச் சொன்னா, நீ அதை நம்பித் தேடிட்டு இருப்ப. தெரியல."

தமிழரசி பேனாவைக் கீழே வைத்தாள். அழப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் வேலுவைப் பார்த்தாள், வேலு அவளைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

"பதினொண்ணு சரியா இருந்தாப் போதும்ப்பா. மிச்சம் ஒண்ணு அந்தப் பட்டியலுக்குள்ளதான இருக்கு. ஒவ்வொண்ணா வச்சுப் பாக்க வேண்டியதுதான்."

"ரெண்டாயிரத்தையுமா? என்னைக்கு முடியும்?"

"கையால இல்லப்பா."

வேலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவன் தட்டிய வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குக்காக எத்தனையோ நாள் அவனைத் திட்டியிருக்கிறேன். அன்று பின்னால் நின்று அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'நீங்கள் ஒரு யூகத்தைச் சொல்லியிருந்தால் அதைச் சரி என்று வைத்துக்கொண்டு மற்ற பதினொன்றைச் சந்தேகப்பட்டிருப்போம், தேடியே தொலைந்திருப்போம்' என்று பிறகு என்னிடம் சொன்னான். தெரியாது என்ற சொல்லுக்கு அவ்வளவு விலை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உங்கள் ஆபீசில் எவராவது 'தெரியாது' என்று சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். அவர் உங்கள் வேலையைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்.

பேக்கரியிலிருந்து வந்த டீ மேஜையில் இருந்தது. நான் அதை எடுத்து ஊதிக்கொண்டிருந்தேன். "அக்கா" என்றான் வேலு. அவ்வளவுதான் சொன்னான். தமிழரசி திரையைப் பார்த்தாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. நான் அவள் தலையில் கை வைத்தேன்.

படிக்கட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டதும் அந்தச் சின்ன ஆபீசில் எழுந்த சத்தத்துக்குக் கீழே பேக்கரிக்காரர் மேலே ஓடிவந்துவிட்டார். அன்றைக்கே புதுப் பூட்டு, புதுச் சொற்கள். பழையதில் இருந்ததை எல்லாம் அதற்கு மாற்றிய பிறகுதான் தமிழரசி மதியச் சோற்றில் கை வைத்தாள். சாயங்காலத்துக்குள் ஆறு பேருக்கும் சம்பளம் போனது. ஒரு நாள்கூடத் தள்ளவில்லை.

அச்சியெங்குக்குக் காலையிலேயே தகவல் சொல்லியிருந்தார்கள். 'என் சேமிப்பில் இருப்பதை அனுப்புகிறேன், பிள்ளைகளுக்குச் சம்பளம் போடு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்' என்று அவள் அப்போதே சொன்னாளாம். அவளும் சின்னக் கம்பெனிதான். அவள் அம்மா சந்தையில் தக்காளி விற்கிறவர். முகம் பார்த்தறியாத ஊரில் இருக்கும் ஆறு பேருக்காக அப்படிச் சொன்னாள். தமிழரசி, 'இப்ப வேண்டாம், அப்பா வர்றார்' என்று பதில் போட்டிருந்தாள். அந்த நாலு சொல்லையும் நான் கழியில் மாட்டி வைத்துக்கொண்டேன். பூட்டு திறந்த செய்தி போனதும் அச்சியெங் போனில் கத்தியதைத் தமிழரசி எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். "உங்க அப்பாவுக்கு இங்க வேலை போட்டுத் தர்றேன், அனுப்பி வைங்கறா."

நான் மன்னிப்புக் கேட்டபோது தமிழரசி ஒத்துக்கொள்ளவில்லை. "பில் தாள்ல அடிச்சது நான்தானப்பா" என்றாள். "தீ மேல கட்டுனது நான்ல" என்றேன். தப்பை ஆளுக்கு ஆள் இழுத்துக்கொண்டோம். தள்ளிவிடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் நீங்கள் நான்கு பேரும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள்.

உண்மையான தப்பு தாளும் இல்லை, தீயும் இல்லை. ஊரார் பூண்டுக் கட்டை வாரம் ஒரு முறை இறக்கி, ஒரு பல்லைக் கிள்ளிப் பார்த்துத்தான் மறுபடி மாட்டுவேன். என் பிள்ளைகள் கொடுத்த டப்பாவை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. திறக்காமல் வைத்திருந்தால் அதுதான் பத்திரம் என்று நினைத்தேன். சேர்ந்த முதல் நாளே உங்களிடம் ஒரு வெற்றுப் போனைக் கொடுத்து, பயிற்சிக்கென்று வைத்திருக்கும் சொற்களைக்கொண்டு திறந்து காட்டச் சொன்னார்களே, மாதா மாதம் அதையே செய்யச் சொல்கிறார்களே, அது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும். இப்போது சொற்கள் இரும்புத் தகட்டில் இருக்கின்றன. எங்கே என்று நான் எழுதமாட்டேன்.

அதற்குப் பிறகு சாவி வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். தமிழரசி கேட்கவில்லை. "தப்பை அன்னைக்கே சொன்ன ஆளுதான் வேணும்" என்றாள். அதனால் மேலும் நாலு வருடம் இருந்தேன். ஒவ்வொரு மாதமும் திறந்து பார்த்தேன். வேலை பார்த்த காலம் முழுவதிலும் அந்த நாலு வருடத்துச் சம்பளம்தான் எனக்குப் பெரிய சம்பளம். தொகையைச் சொல்லவில்லை.

அந்த நாளில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் இருவருக்கும் அது தெரியாது. ஆபீசிலிருந்து கிளம்பும்போது பன்னிரண்டாவது சொல் என்ன என்று தமிழரசியிடம் கேட்டேன். காதோடு சொன்னாள், எழுத்தும் கூட்டிச் சொன்னாள். வீட்டுக்கு வந்தபோது உங்கள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. உங்கள் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அகராதியை அலமாரியிலிருந்து எடுத்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அவள் ஆபீசில் எழுதியபோது பார்த்த எழுத்துக்களை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். கண்டுபிடித்ததற்குப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். வருடம் முழுக்க வாயில் வைத்திருந்த சொற்களுக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. பாதி, நாம் தினமும் புழங்கும் சாமான்கள். பன்னிரண்டாவதன் அர்த்தத்தை இரண்டு தடவை படித்தேன். யாரும் இல்லாத வீட்டில் வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அந்தச் சொற்களால் இனி எதையும் திறக்க முடியாது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் ரப்பரை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து வந்து, பன்னிரண்டு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். துகளை ஊதிவிட்டு, அகராதியை இருந்த இடத்திலேயே வைத்தேன்.